எல்லையில் விட்டுப்போகும் பதிவேட்டு வரி

அன்புள்ள அண்ணா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அட்டப்பாடி மலைப்பகுதியின் குழந்தை மரணங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். நானும் பாலக்காட்டில் ஒரு சிறு பத்திரிகைக்கு எழுதுகிறேன். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு இறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று ஓர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமை மனு போட்டேன். ‘அவ்வாறு தொகுக்கப்பட்ட தகவல் இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. பேசாமல் ஊர்களுக்குப் போய்த் தாய்மாரிடம் கேட்டு எழுதுவதே மேல் அல்லவா? எண்களைத் தேடிப் போனால் மனிதர்கள் மறைந்துவிடுவார்கள் என்றும் தோன்றுகிறது.

ரா., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ரா.,

ஊர்களுக்குக் கட்டாயம் போங்கள். மனுவையும் விடாதீர்கள். தாய் சொல்வதை மட்டும் எழுதினால், எங்கோ நடந்த ஒன்று என்று அதிகாரி ஒதுக்கிவிடுவார். அவர் அலுவலகப் பதிவேட்டிலேயே அது இருந்தால் ஒதுக்க முடியாது.

நீங்கள் தொகுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கையில் இருப்பதைத் தந்தால் போதும், புதிதாகக் கணக்கெடுத்துத் தர வேண்டியதில்லை. அதனால் பதிவேட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரசவ அறைப் பதிவேடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களைக் குறிக்கும் ரெஃபரல் பதிவேடு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, நோயாளிகளின் பெயரை மறைத்து நகல். பக்கங்கள் அதிகம் என்றால் நேரில் உட்கார்ந்து பார்க்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

அப்புறம், நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. அட்டப்பாடியில் அகளிப் பக்கத்துக் குழந்தை மூச்சுத் திணறி, எல்லையிலுள்ள ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் போய் அங்கே இறந்தால் கோவையில்தான் பதிவாகும். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகளின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினாலும் அந்தக் குழந்தை கிடைக்காது. ஓடும் வண்டியில் இறந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதா, அந்தப் பக்கம் நின்றதா என்பதில் ஓர் உயிரின் கணக்கு மாநிலம் மாறிவிடும். இரண்டு பக்கத்துப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அட்டப்பாடியைப் பற்றி ஒரு எண்ணையும் எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்து சில நிமிடம் மூச்சு விட்டு இறந்த குழந்தை, செத்துப் பிறந்ததாக எழுதப்பட்டால் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளை எண்ணும் சிசு மரணக் கணக்கிலேயே வராது. தாய் ‘அழுதது, நான் கேட்டேன்’ என்று சொல்வாள். அந்த இடத்தில்தான் உங்கள் ஊர்ப் பயணம் வேலை செய்யும்.

மாநிலச் சராசரியையும் நம்ப வேண்டாம். 2013இல் கேரளத்தின் சிசு மரண விகிதம் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 12, நாட்டுக்கு 40. அட்டப்பாடியில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடெங்கும் போனதும் அதே வருடம்தான். ஒரு சின்ன மலைப்பகுதிக்கு விகிதம் போட்டால் நாலைந்து மரணத்தில் அது தாறுமாறாக ஏறி இறங்கும். அங்கே விகிதத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு குழந்தையாக எண்ணுங்கள்.

இப்படி எண்ணியதால் என்ன ஆகும் என்பதை 2021இல் பார்த்தோம். மார்ச் 1 முதல் மே 10 வரை குஜராத்தில் ஏறக்குறைய 1.23 லட்சம் இறப்புச் சான்றிதழ்கள் தரப்பட்டிருந்ததை ‘திவ்ய பாஸ்கர்’ நாளிதழ் வெளியிட்டது. முந்தைய வருடம் அதே நாட்களில் 58,000 அளவுதான். அரசு சொன்ன கொரோனா மரணமோ 4,218. சான்றிதழ் கொடுத்ததும் அதே அரசுதான்.

மனிதர்கள் மறைவார்கள் என்றீர்கள். ஒருமுறை ஒரு மருத்துவமனைப் பதிவேட்டின் நகலில், குறிப்புப் பகுதியில் ‘மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் சென்றனர்’ என்று இருந்தது. அந்த ஊருக்குப் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை, கையில் இருந்த காசும் தீர்ந்துவிட்டது என்றார் அப்பா. யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வரியைப் பார்த்திருக்காவிட்டால் நானும் அவர் வாசலுக்குப் போயிருக்க மாட்டேன்.

முதலில் ரெஃபரல் பதிவேட்டை வாங்குங்கள். அதிலுள்ள தேதிகளை வைத்து, வசிப்பிடம் அட்டப்பாடி என்று குறித்த இறப்புப் பதிவுகளைக் கோவையில் கேளுங்கள். அந்த மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அனுப்பும் முன் வரைவை எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.