ஆமை ஓடும் அங்காளம்மனும்

அன்புள்ள சார்,

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஓவியமும் மரச் சிற்பமும் செய்கிறேன். சில மாதங்களாக அங்காளம்மன் சிலைகளை வரிசையாகச் செய்துவருகிறேன். அவள் எங்கள் குலதெய்வம், அவளுடைய மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்து வளர்ந்தவள் நான். இந்தச் சிலைகளில் கெடிலம் ஆற்றங்கரையில் கிடைத்த மாட்டுத் தாடை எலும்பு, ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கு, கடையில் வாங்கிய மயிலிறகு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு ஆமையின் ஓடு எல்லாம் இருக்கின்றன. எதையும் நான் கொல்லவில்லை.

புதுச்சேரியில் நடந்த ஒரு கண்காட்சியில் இவற்றை வைத்தபோது அப்பாவின் நண்பர் வந்தார். மாதப் பூசம் தவறாமல் வள்ளலாரின் வடலூருக்குப் போகிறவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "பிணத்தை வைத்துச் செய்த சாமி" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அதிலிருந்து தினமும் காலையில் வாட்ஸப்பில் குரல்பதிவு வருகிறது. வீட்டுக்கு வந்தால், அம்மா மீன் வறுக்கும்போது அடுப்படி வாசலில் நின்று புலால் உண்பது எவ்வளவு பெரிய பாவம் என்று பேசுகிறார். அவர் வரும் நாட்களில் அம்மா மீன் வாங்குவதையே விட்டுவிட்டார்.

செத்த உயிரின் உடலைச் சாமி சிலையில் வைப்பது தப்பா? மாமாவிடம் நான் என்ன சொல்ல?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

ஆமை ஓட்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். நம் கரையில் தை, மாசியில் செத்து ஒதுங்குபவை பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி ஆமைகள். பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானையோடு முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. தானாகச் செத்துக் கிடந்தாலும் அதன் உடல் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ சொல்லிவிட வேண்டும். நீங்கள் கொல்லவில்லை என்பதால் மட்டும் அந்த ஓடு உங்களுடையது ஆகிவிடாது. சிலையிலிருந்து கழற்றி, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதை விற்கவோ அடுத்த கண்காட்சிக்கு எடுத்துப் போகவோ வேண்டாம்.

செத்துக் கிடந்ததைத்தானே எடுத்தேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும். கண்காட்சி மேடைக்கு வந்துவிட்ட ஓட்டைப் பார்த்து, அது ஒதுங்கிய ஆமையா, பிடித்துக் கொன்ற ஆமையா என்று பார்வையாளர் யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஓட்டுக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்தால் அடுத்த ஓட்டைத் தேடி யாராவது கிளம்புவார். அதோடு, அந்த ஆமை எப்படிச் செத்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். ஆமைக்கு நுரையீரல்தான் இருக்கிறது. மூச்சு விட அது நீரின் மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் நெடுநேரம் மாட்டிக்கொண்டால், கடலிலேயே வாழும் அந்த உயிர் மூச்சு முட்டிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தேவனாம்பட்டினத்தில் நீங்கள் எடுத்ததைக் கடல் தந்த பரிசு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மாட்டுத் தாடை எலும்பு விஷயம் வேறு. ஆற்றங்கரையில் கிடந்த அந்த எலும்புக்காக யாரும் ஒரு மாட்டைக் கொல்லவில்லை. நீங்கள் எடுத்ததால் இன்னொரு மாடு சாகப்போவதும் இல்லை. அங்காளம்மனுக்கு எலும்பு அந்நியமும் இல்லை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை விடுவித்தவள் என்றுதான் மேல்மலையனூரில் அவள் கதையைச் சொல்கிறார்கள். மாசி மாதம் மயானத்துக்கே போகிறவள் அவள். சாம்பலையும் எலும்பையும் அவளிடமிருந்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது வேறு ஏதோ ஒரு அம்மனாக இருக்கும். இந்த எலும்பில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

சங்கும் மயிலிறகும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கரையில் தானாக ஒதுங்கும் சங்கு பெரும்பாலும் தேய்ந்து, துளை விழுந்து, நிறம் போயிருக்கும். கடையில் வழுவழுப்பாக, முனை உடையாமல் இருப்பது அநேகமாக முக்குளிப்பவர்கள் உயிரோடு எடுத்து வந்ததாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு நத்தை வாழ்ந்தது, அதை எடுத்துவிட்டுத்தான் ஓட்டைச் சுத்தம் செய்கிறார்கள். பூஜையறையில் சங்கு வைத்திருக்கும் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள்? மயில் ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தன் தோகையைத் தானே உதிர்க்கும். அப்படி உதிர்ந்த இறகை நாட்டுக்குள் விற்பதைச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் பிடுங்கிய இறகும் அதே கட்டில் கலந்து வரலாம். பிடுங்கியதாக இருந்தால் அடிக்காம்பில் ரத்தம் ஒட்டிய அடையாளம் இருக்கும். காம்பை வெட்டிவிட்டு விற்கிறார்கள் என்றால் ஏன் வெட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் சரியாக வராத கடையில் வாங்காதீர்கள்.

பக்தியின் பெயரில் நடக்கும் வியாபாரம் சாதாரணமானதல்ல. யானை முடி மோதிரம் அதிர்ஷ்டம் என்று எத்தனை கோயில் வாசல்களில் விற்றிருக்கிறார்கள்! உடும்பின் இனப்பெருக்க உறுப்பைக் காயவைத்து, ஹத்தா ஜோடி என்கிற அபூர்வ வேர் என்று சொல்லி இணையத்தில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் அதைக் குங்குமத்தோடு டப்பாவில் வைத்துக் கும்பிட்டார். ஓர் உயிரைக் கொன்ற செயல் அந்த டப்பாவுக்குள் மறைந்துபோனது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். இறந்த உடல் தெய்வத்தின் அருகில் இருப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. அது எப்படி வந்தது என்பதை மூடி மறைப்பதுதான் தப்பு.

நம் கோயில் எதுவும் இறந்த உடலை விலக்கி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. சுவாமி புறப்பாட்டில் முழங்கும் தவிலில் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இருக்கின்றன. மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருக்கிறது. அம்பாளுக்குச் சாத்தும் பட்டுப்புடவை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழு உள்ளே இருக்கும்போதே வெந்நீரில் போடுகிறார்கள். இவற்றை யாரும் பிணம் என்று சொல்வதில்லை. கண்ணுக்கு எலும்பாகத் தெரிந்தால்தான் பிணம், தோலாக இறுக்கிக் கட்டினால் நாதம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, வாத்தியமாக்கிக் கொடுத்த மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினோம். தோல் உள்ளே போனது, தோலைத் தொட்டவர் போக முடியவில்லை. உங்கள் மாமா பேச வேண்டிய விஷயம் இதில் எவ்வளவோ இருக்கிறது.

சரி, மாமாவுக்கு வருகிறேன். அவருடைய கவலை போலி இல்லை என்றே நினைக்கிறேன். பூசம் தவறாமல் வடலூர் போகிற ஒருவருக்கு உங்கள் சிலை உறுத்தத்தான் செய்யும். வள்ளலார் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்தவர் இல்லை. கொலை, புலை தவிர்த்தவர்களே 1872இல் எழுந்த சத்திய ஞான சபைக்குள் போகலாம் என்பது அங்கே விதி. உயிர்க்கொலையும் புலாலும் உடையவர்களைப் புற இனத்தார் என்றே அவர் பாடினார், அவர்களோடு நட்புகூட வேண்டாம் என்கிற கடுமையான பாட்டு அது. ஆனால் அதே பாட்டு, அவர்களுக்கும் பசி தவிர்த்தல் மாத்திரமே புரிக என்கிறது. பசித்தவர்களுக்குச் சோறு போட 1867இல் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாப்பிட உட்காருகிறவரிடம் நேற்று வீட்டில் என்ன சமைத்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. விதியைத் தன் சபையின் வாசலில் வைத்தார் வள்ளலார். மாமா அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மாவின் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார்.

அவர் மீது எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் வேறு. இத்தனை நாள் பேசியவர் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: இந்த ஓடு எங்கே கிடைத்தது? கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கடற்கரையில் ஆமைகள் ஏன் சாகின்றன என்று இருவரும் பேசியிருக்கலாம். முட்டைகளைக் காக்க இரவில் கடற்கரையில் நடக்கிறார்களே, அவர்களோடு ஒரு நாள் சேர்ந்தே போயிருக்கலாம். ஓர் ஆமைக்காவது அதனால் நன்மை உண்டு. அவருடைய குரல்பதிவுகளால் இதுவரை நடந்தது, ஒரு பெண் தன் வீட்டில் தனக்குப் பிடித்த மீனை வாங்கப் பயப்படுகிறாள் என்பதுதான். கருணையைப் பற்றிப் பேசுகிறவர் அந்தப் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

அவரிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவர் பெரியவர், அப்பாவின் நண்பர், அந்த மரியாதை குறைய வேண்டியதில்லை. "மாமா, ஆமை ஓட்டை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதில் அது சரி. இனி எந்தப் பொருளைப் பற்றியும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் காலையில் குரல்பதிவு வேண்டாம். அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றி இனிப் பேசாதீர்கள்." இவ்வளவு போதும். அதற்குப் பிறகும் பதிவு வந்தால் வாட்ஸப்பில் அவரைத் தடுத்துவிடுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. அம்மாவிடம் அவர் வரும் நாளிலும் வழக்கம்போல் மீன் வாங்கச் சொல்லுங்கள். மாமாவுக்குத் தனியாக ஒரு சாம்பார் வைத்தால் போயிற்று.

உங்கள் அங்காளம்மன்களை நிறுத்தாதீர்கள். ஆமை ஓடு இருந்த இடத்துக்கு வில்லியனூர் சுடுமண் கலைஞர்களிடம் பேசிப் பாருங்கள், மண்ணில் அவர்கள் செய்யாத வடிவம் இல்லை. ஒவ்வொரு சிலைக்குக் கீழேயும் ஒரு அட்டை வையுங்கள்: எலும்பு கெடிலம் கரையில் கிடந்தது, இறகு இன்ன ஊர்க் கடையில் வாங்கியது என்று. சங்குக்கு என்ன எழுதுவது என்று இப்போது உங்களுக்கே தெரியாது. அந்த ராமேஸ்வரம் கடைக்காரரிடம் போனில் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.