மெஷ் பொடியாகப் பொடியாக ஓரத்தில் ஸ்ட்ரெஸ் ஏறுகிறதா?

நண்பரே, செம்புத் தகட்டை அலுமினா என்ற பீங்கானோடு சால்டர் செய்த கம்ப்யூட்டர் மாடலில், மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக மாடலைப் பிரிக்கும் சின்னக் கட்டங்களை, பொடியாக்கும்போதெல்லாம் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் (உள்ளே உண்டாகும் தகைவு) ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் தவறல்ல. எல்லாமே எலாஸ்டிக், அதாவது சுமையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பும் என்று வைத்துக்கொண்டால், இணைப்பு வெளியே வந்து முடியும் அந்த மூலையில் கணக்குப்படியே ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லை கிடையாது, நீங்கள் ராத்திரி முழுக்க ரன் போட்டாலும் அது நிற்காது.

செம்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மைக்ரோமீட்டர் சுருங்கும், அலுமினா 7தான். ஈயமில்லாத வழக்கமான சால்டர் சுமார் 217 டிகிரியில் உறைந்து 25-க்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 0.19 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது, அதில் பெரும்பங்கைச் சால்டர் நெகிழ்ந்துதான் சமாளிக்கிறது. அதனால் சால்டருக்கு பிளாஸ்டிசிட்டி (நிரந்தரமாக நெளிவது), க்ரீப் (சுமையில் நேரம் போகப்போக மெல்ல நெளிவது) இரண்டையும் கட்டாயம் கொடுங்கள். ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர், அதாவது ஸ்ட்ரெஸ் பூஜ்யம் என்று மாடல் எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை, 25 என்றே கிடந்தால் 217 ஆக மாற்றுங்கள்.

இங்கே பெங்களூரு பீன்யாவில், நான் வேலை செய்யும் இடத்தில், உடைந்த துண்டு ஒன்றை வெட்டி பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். கூர்மையான மூலையே இல்லை, சால்டர் வழிந்து வளைவாக நின்றது. விரிசல் அதன் அடியில், அலுமினாவுக்குள் இறங்கியிருந்தது. அந்த வளைவை மாடலில் வரையுங்கள். அப்புறம், டிசைன்களை ஒப்பிடும்போது உச்ச மதிப்பை விட்டுவிட்டு, ஒரே மெஷ்ஷில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் வரும் மதிப்பை எடுங்கள்.