வீட்டில் வெட்டிய பலா மரத்தில் லேத் வைத்து அலங்காரக் கிண்ணம் கடைய முடியுமா? வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேட்டிருப்பவர் குழித்துறைப் பக்கம். வீடு கட்ட இடம் வேண்டி முற்றத்துப் பலாவை வெட்டியிருக்கிறார். தடியை விற்க மனமில்லை, வரவேற்பறையில் வைக்க ஒரு பெரிய கிண்ணமாவது வேண்டும் என்கிறார். கடைசல் பட்டறையில் கேட்டதற்கு, "கிண்ணமெல்லாம் வெடிச்சுப் போகும், விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

தாராளமாக முடியும். நானும் மார்த்தாண்டம் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருப்பவன்தான். கட்டில் காலும் மாடிப்படித் தூணும் பிழைப்புக்கு, கிண்ணம் ஆசைக்கு. அந்தப் பட்டறைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கிண்ணத்தின் வெடிப்பு லேத்தில் வருவதில்லை, மரத்தை வெட்டிப் போட்ட அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. அதனால் லேத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் தடியைப் பாருங்கள்.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வட்டத்தின் போக்கில் சுருங்கும். உருண்டைத் தடியாகவே போட்டு வைத்தால் அந்த இழுபறியைத் தாங்க முடியாமல் நடுவிலிருந்து பிளக்கும். எனவே வேண்டிய நீளத்துக்குத் துண்டு போட்டதும், நட்டநடுப் புள்ளி வழியாக நெடுக்கில் இரண்டாக அறுத்துவிடுங்கள். நடுப்புள்ளியை ஒட்டிய ஒரு விரல் கனத்தையும் சீவித் தள்ளுங்கள். துண்டின் இரு முனைகளிலும் உள்ள வெட்டுமுகங்களில் உடனே மெழுகை உருக்கிப் பூசுங்கள். மெழுகு இல்லையென்றால் ஃபெவிகாலைக் கெட்டியாகத் தடவலாம். தண்ணீர் மிக வேகமாக வெளியேறுவது அந்த முகங்கள் வழியாகத்தான். பட்டைப் பக்கத்துக்குப் பூச்சு தேவையில்லை.

அப்புறம், மரம் முழுதாகக் காயட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பச்சையாக இருக்கும்போதே ஒரு முறை பருமனாகக் கடைந்து வைப்பது, காய்ந்த பிறகு இரண்டாம் முறை மெல்லியதாகக் கடைவது, இதுதான் முறை. முதல் கடைசலில் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர். காயும்போது வட்டம் கோணி முட்டை வடிவத்துக்குப் போகும், போகட்டும். அந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் இவ்வளவு கனம் விடுகிறோம்.

காய வைப்பதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று காற்றாலையையே சுழற்றுகிறது. அங்கே பச்சைக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்தால் சடசடவென்று விளிம்பு பிளந்துவிடும். செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, கடைந்த சீவலையே அட்டைப் பெட்டியில் போட்டு அதற்குள் புதைத்து வைக்க வேண்டும். உங்கள் குழித்துறை, அருமனை, குலசேகரம் பக்கம் நிலைமை நேர் எதிர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற இடம். வெடிப்பைவிடப் பூஞ்சைதான் அங்கே தொல்லை. ஒரு சுற்றுத் தாள் போதும், சீவலில் புதைக்கக் கூடாது. தரையில் படாமல், காற்று லேசாக வந்து போகும் பரண் நல்லது. வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, கிண்ணத்தின் மேலேயே பென்சிலால் எடையை எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, லேத்துக்கு வருவோம். புதிதாக வாங்க வேண்டாம். கட்டில் கால் கடையும் லேத்தே போதும், ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் சுழலும் அச்சுக்கும் கீழேயுள்ள லேத் படுக்கைக்கும் இடையில் கிண்ணத்தின் அரை விட்டத்துக்கு மேல் இடம் இருக்க வேண்டும். மரத்தைத் திருகாணி போட்டு மாட்ட இரும்புத் தட்டும், அடியைக் கவ்விப் பிடிக்க நான்கு தாடைச் சக்கும் வேண்டும். பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைக்க வழி இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 10 அங்குல மரத்துக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று வரை போதும். பச்சை மரம் எடை சமமில்லாமல் குலுக்கும், அதனால் தொடக்கத்தில் அதைவிடவும் குறைவாக வையுங்கள். கட்டில் காலுக்கு ஓட்டுகிற மாதிரி 2000 சுற்றில் விட்டால் விளிம்பு மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம், துணி மாஸ்க் போதாது. கழுத்தில் துவர்த்தை (துண்டை) போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்கவே கூடாது.

உளியிலும் ஒரு எச்சரிக்கை. தூண் கடைபவர்களிடம் அரைவட்ட வாய் கொண்ட அகலமான உளி ஒன்று இருக்கும். அதைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். அதன் வால் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒல்லியாக இருக்கும், கிண்ணத்தின் குறுக்கு நார் அடிக்கிற அடியில் முறிந்து தெறிக்கும். கிண்ணத்துக்கென்றே உருட்டுக் கம்பியில் ஆழமாகப் பள்ளம் எடுத்த உளி இருக்கிறது, அதை வாங்குங்கள்.

இரும்புத் தட்டை அறுத்த தட்டைப் பக்கத்தில் திருகி, பட்டைப் பக்கம் எதிரே இருக்கும்படி மாட்டுங்கள். முதலில் வெளிப்புறம். உளியை அடியிலிருந்து விளிம்பை நோக்கி, அதாவது சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குக் கொண்டு போக வேண்டும். அடியில் சக்கு கவ்வ ஒரு கட்டை விட்டுவிட்டு, திருப்பி மாட்டி, உள்ளே குடையும்போது போக்கு மாறும்: விளிம்பிலிருந்து நடுவுக்கு. இப்படிப் போனால் வெட்டுகிற நாருக்கு அடியில் இன்னொரு நார் தாங்கி நிற்கும்.

உளியின் வாயை நேரே மரத்தில் குத்தாதீர்கள். முதலில் வாய்க்குப் பின்னாலுள்ள சரிவை மரத்தில் படவிடுங்கள். வெறுமனே உரசும், சீவல் வராது. பின் கையை மெல்ல மெல்லத் தூக்கினால் ஒரு கட்டத்தில் வாய் பிடித்து, சீவல் ரிப்பன் ரிப்பனாக வரத் தொடங்கும். அந்தக் கோணம்தான் வேண்டும். பச்சைப் பலா என்றால் முகத்தில் தண்ணீர் தெளிக்கும், வெள்ளைப் பகுதியின் பால் உளியில் பசையாக ஒட்டும். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயே இதற்கும் மருந்து.

லேத்தை நிறுத்திப் பார்த்தால் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நாரின் முனை உளிக்கு எதிராக வருவதால் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது போகாது, சுற்றியுள்ள இடம்தான் தேயும். உளியைத் தீட்டிவிட்டு, தாள் கனத்துக்கு ஒரு கடைசி வெட்டு எடுங்கள். அதற்கப்புறம் 120, 180, 240, 320 என்று வரிசையாக உப்புத்தாள். இடையில் எந்த எண்ணையும் விட்டுத் தாவாதீர்கள்.

வெளிப்புறத்தில் பூவேலை செதுக்க ஆசை இருந்தால் பூ வரும் அந்த வளையத்துக்கு மட்டும் கனத்தை இப்போதே விட்டு வையுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை வாசல் மண்டபக் கூரையில் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் 90 பூக்கள் இருக்கின்றன, மாதிரி தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அது காயாத எண்ணெய், நாள் போகப் போகக் காறல் வாடை வரும். முந்திரிக்கொட்டை எண்ணெயும் வேண்டாம், கை பொத்துப்போகும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து இறுகும், அதற்கு மேல் தேன்மெழுகு. மார்த்தாண்டத்தில் தேன் எடுப்பவர்களிடமே மெழுகு கிடைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். அரக்குப் பாலிஷ்தான் வேண்டும் என்றால் மழை ஓய்ந்த நாளாகப் பாருங்கள், ஈரக் காற்றில் அது வெண்மையாகப் பூத்துவிடும்.

கடைந்தவுடன் மஞ்சளாகத்தான் இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு அது செம்பழுப்பாக மாறும். ஜன்னலோரம் வைத்தால் அவ்வப்போது திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும்.

முதல் கிண்ணத்தை இந்தப் பலாவில் கடையாதீர்கள். குலசேகரம் பக்கம் தடி மில்லில் ரப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கும், கை பழக அதுவே போதும். வாங்கியதும் கடைந்துவிடுங்கள், சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். கிளை பிரிகிற கவைத் துண்டுகளை விறகுக்குக் கொடுத்துவிடாமல் மெழுகு பூசி எடுத்து வையுங்கள். நல்ல நாரோட்டம் அதில்தான் இருக்கும், கோணுவதும் அதுதான். அது இரண்டாம் கிண்ணத்துக்கு.