கஞ்சா மன அழுத்தத்தைத் தணிக்குமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஓராண்டாகத் தினமும் கஞ்சா புகைத்திருக்கிறான். எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. கேட்டால், "மன அழுத்தத்துக்கு இதுதான் மருந்து, மூலிகைதானே" என்கிறான். நாங்கள் அழுததில் ஒரு வாரம் நிறுத்தினான். அந்த வாரம் முழுவதும் எரிந்து விழுந்தான், தூக்கமில்லை, சாப்பாடில்லை. மறுபடி புகைத்ததும் சாந்தமாகிவிட்டான். அவன் சொல்வது உண்மைதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. (ஒரு தாய், ஈரோடு)

பதில்: அம்மா, புகைத்ததும் அமைதி வருகிறது என்று உங்கள் மகன் சொல்வதை நம்புங்கள். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நீங்கள் பார்த்த கோபமும் தூக்கமின்மையும் அவனுடைய பழைய மன அழுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். கஞ்சாவைத் திடீரென்று நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகள் அவை. நிறுத்திய ஓரிரு நாளில் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களில் தணியும். எரிச்சல், பசியின்மை, விசித்திரமான கனவுகள், இரவு வியர்வை எல்லாமே இதில் சேரும். மிகவும் மோசமான நாட்களில் அவன் மறுபடி புகைத்திருக்கிறான். கஞ்சா உண்டாக்கிய தவிப்பைக் கஞ்சாவே தணித்தது. என் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் இளைஞர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. மூளையின் நரம்பணுக்களில், செய்திப்பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. அவற்றில் சி.பி.1 என்ற வகையில் டி.எச்.சி. போய் ஒட்டுகிறது. நாள்தோறும் அது வந்து குவிந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு கஞ்சா இல்லாத நேரத்தில், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் சிறு பதற்றத்தைக்கூட இவர்களால் தாங்க முடிவதில்லை. இதில் எனக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. தினமும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கு வாரம் கஞ்சாவைத் தொடாமல் இருந்தபோது பெரும்பாலான பகுதிகளில் ஏற்பிகள் மீண்டுவிட்டன. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். "ஒரு மாதம்" என்று எல்லை தெரிந்தால் இளைஞர்களால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க முடிகிறது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகாகோவில் 42 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட சோதனையில், மேடைப் பேச்சு, கணக்கு என்று பதற்றமூட்டும் வேலைகளைக் கொடுப்பதற்கு முன் சிலருக்கு 7.5 மில்லிகிராம் டி.எச்.சி., சிலருக்கு 12.5 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். சிறிய அளவு பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்தது. சற்றே பெரிய அளவோ மனநிலையைக் கெடுத்தது. வேலையும் சரியாக ஓடவில்லை. வித்தியாசம் வெறும் 5 மில்லிகிராம். தெருவில் வாங்கும் பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மருந்து என்று சொல்ல வேண்டுமானால் அளவு தெரிய வேண்டாமா?

வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் தயவுசெய்து ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சுவீடனில் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு அந்நோய் ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் கஞ்சா மட்டுமே காரணம் என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மகன் காரணமில்லாமல் சந்தேகப்பட்டாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ அன்றே அழைத்து வாருங்கள்.

அடிக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனோடு சேர்ந்து போங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்ற பயத்தில் பல பெற்றோர் மருத்துவமனைப் படியையே மிதிப்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அது வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கஞ்சாவில் இருப்பது போன்ற ஒரு பொருளை நம் உடலே தயாரிக்கிறதாமே! எதற்காக? (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, நான் மாணவியாக இருந்த காலத்திலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம், காவல்துறை கைப்பற்றி வைத்திருந்த ஐந்து கிலோ ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கி, பஸ்ஸிலேயே தன் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். 1964-இல் அவரும் யெஹியேல் கவோனியும் அதிலிருந்து டி.எச்.சி.யைத் தூய்மையாகப் பிரித்து, அதன் வடிவத்தை அறிவித்தார்கள். அது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று அறிய மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அந்த ஏற்பியைக் கண்டார்கள். ஒரு செடிக்காக மூளை ஏற்பியை வைத்திருக்காது. உடலுக்குள்ளேயே அதற்குரிய பொருள் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1992-இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் டெவேனும் லூமிர் ஹனுஷும் பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். 1995-இல் 2-ஏ.ஜி. என்ற இன்னொன்று கிடைத்தது.

இவை மற்ற நரம்புச் செய்திப்பொருள்களைப் போலப் பைகளில் சேமிக்கப்படுவதில்லை. தேவை எழும் நொடியில், தேவை எழுந்த இடத்திலேயே உருவாகின்றன. செய்தியைப் பெறும் நரம்பணு இவற்றைப் பின்னோக்கி அனுப்பி, செய்தி அனுப்பும் நரம்பணுவிடம் "போதும்" என்று சொல்கிறது. கச்சேரியில் மிருதங்கம் ஓங்கும்போது பாடகர் கையை லேசாகக் காட்டி அடக்குவாரே, அந்த வேலை. வேலை முடிந்ததும் நொதிகள் வந்து இவற்றைச் சிதைத்துவிடுகின்றன.

மன அழுத்தத்தில் நடப்பதை எலிகளிடம் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். அச்சத்துக்குப் பொறுப்பான அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் சாதாரண நேரத்தில் ஆனந்தமைடு இருந்து அதை அடக்கி வைக்கிறது. ஆபத்து வந்ததும், ஃபா என்ற நொதி அங்கே சுறுசுறுப்படைந்து ஆனந்தமைடைச் சிதைக்கிறது. கட்டு தளர்ந்து பயம் எழுகிறது. அந்தப் பயம் வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தப்ப முடியாது. பிறகு மன அழுத்த ஹார்மோன் ஏறும்போது, அதுவே 2-ஏ.ஜி.யைப் பெருகச் செய்து, ஹார்மோன் சுரப்பை நிறுத்த உதவுகிறது. பயத்தை எழுப்பவும் முடித்துவைக்கவும் ஒரே அமைப்பு.

இன்னொரு வேலையும் உண்டு. ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று கற்ற எலி, அதிர்ச்சி நின்றபின் மெல்ல மெல்லப் பயத்தை விடும். சி.பி.1 ஏற்பி இல்லாத எலிகளால் அப்படி எளிதில் விட முடிவதில்லை. 2002-இல் ஜெர்மனியில் கண்டது இது. விபத்துக்குப் பல மாதங்கள் கழித்தும் ஹாரன் சத்தத்துக்கு நடுங்கும் நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எலிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இந்த நுட்பத்தின் மேல் டி.எச்.சி. வந்து விழுந்தால் என்ன ஆகும்? இடம், நேரம் பாராமல் மூளை முழுவதும் ஒரே சமயத்தில் பரவி, மணிக்கணக்கில் தங்குகிறது. நினைவாற்றல், கவனம், காலம் பற்றிய உணர்வு எல்லாம் குழம்புகின்றன. உடல் தானே செய்துகொள்ளும் சிகிச்சையோடு கஞ்சாவை ஒப்பிடுவதே சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் இந்த அமைப்பை மாத்திரையால் கூட்டவோ குறைக்கவோ முடியாதா? (மருந்தியல் மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டையும் முயன்றிருக்கிறார்கள். சி.பி.1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபண்ட், உடல் பருமனுக்காக 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008 அக்டோபரில் அங்கே நிறுத்தப்பட்டது. 2009-இல் இந்தியாவும் தடை செய்தது. பசியைக் குறைக்கப் போய் மனத்தின் தாங்குசக்தியில் கைவைத்துவிட்டார்கள்.

மறுபக்கம், ஃபா நொதியைத் தடுத்து ஆனந்தமைடைக் கூட்டப் பார்த்தார்கள். 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் அப்படி ஒரு மருந்தின் முதல் மனிதச் சோதனையில் ஆறு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். அந்த மூலக்கூறு வேறு நொதிகளையும் தாக்கியது பின்னால் தெரிந்தது. இதே வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளில் அத்தகைய கேடு வரவில்லை என்பதால் ஆராய்ச்சி தொடர்கிறது. நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால் நான் மகிழ்வேன்.

கேள்வி: பதற்றத்துக்கு சி.பி.டி. எண்ணெய் வாங்கலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: சி.பி.டி. என்பது கஞ்சாச் செடியில் இருக்கும் இன்னொரு பொருள். அது போதை தராது. அமெரிக்காவில் 2018-இல் அதற்குக் கிடைத்த அனுமதி, குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்குத்தான். பதற்றத்துக்கு பிரேசிலில் செய்த மேடைப் பேச்சுச் சோதனைகளில் 300 மில்லிகிராம் அளவில் பலன் தெரிந்தது; அதைவிடக் கூட்டியபோது பலன் மறைந்தது. குப்பியிலிருந்து சில துளிகள் எடுத்தால் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஈரல் அவற்றைச் சிதைப்பதை சி.பி.டி. தடுக்கும்.

பணத்தைச் செலவிடுமுன், மூச்சு சற்றே வாங்கும் அளவுக்குத் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். மிதமான ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்தில் ஆனந்தமைடு கூடுவதை 2003-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்தும் பதற்றம் குறையவில்லை என்றால், நடைக்கு மேல் சிகிச்சை தேவைப்படுகிறது, மருத்துவரைப் பாருங்கள்.