கேமராவை யார் பக்கம் திருப்புவது?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வடசென்னையில் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு மாலை நேரப் படிப்பு மையம் நடக்கிறது. நானும் அங்கே படித்தவன்தான். இப்போது 40 பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, சொல்லிக்கொடுப்பவர்களின் சம்பளத்தை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இடத்துக்கு வாடகை மாதம் 5,000 ரூபாய். அதைக் கொடுத்துவந்த பெரியவர் இறந்துவிட்டார். ஒரு வருட வாடகை 60,000 ரூபாயை நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து திரட்டப் பார்க்கிறோம். 24 மணி நேரம் விடாமல் கேரம் ஆடி யூடியூபில் லைவ் போடலாம் என்று திட்டம். வெளிநாட்டில் வீடியோ கேம் ஆடி இப்படி நிதி திரட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது.

வீட்டில் "இதுவும் பிச்சைதான்டா" என்கிறார்கள். நண்பன் ஒருவன், "கேரமை யாரு பார்ப்பா? பசங்கள ஒவ்வொருத்தரா உட்கார வச்சு வீட்டுக் கஷ்டத்தச் சொல்ல வைப்போம், அப்பதான் காசு வரும்" என்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பேசாமல் நேராகவே காசு கேட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் போட வேண்டாம் அக்கா.)

அன்புள்ள தம்பி,

உங்களுக்குப் பிடிக்காமல் போனது ரொம்பச் சரி. ஏன் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் ஒரு வண்டி வந்தது. பிரெட், பால் பாக்கெட், மெழுகுவர்த்தி. நல்ல மனசோடுதான் வந்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டைக் கொடுக்கும்போதும் கொடுப்பவர் கையை எடுக்க மாட்டார். பக்கத்தில் ஒரு பையன் போனைப் பிடித்திருப்பான். படம் எடுத்த பிறகுதான் பாக்கெட் நம் கைக்கு வரும். என் அம்மாவின் முறை வந்தபோது "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்றான். அம்மா முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு வந்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் பால் இல்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் யாராவது உதவி வாங்கும் படத்தைப் போனில் பார்த்தால் எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகம் வருகிறது.

நம் பக்கத்தை ஏற்கெனவே போதுமான அளவுக்குப் படம் பிடித்துவிட்டார்கள். வெள்ளம் வந்தால் கேமரா வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கை நிறையக் கறுப்பாக நின்ற மீனவர்களை எத்தனை கேமராக்கள் பிடித்தன! கஷ்டப்படுகிறவன் தன் கஷ்டத்தைக் காட்டினால்தான் காசு என்ற ஏற்பாடு எவ்வளவு பழகிவிட்டது என்றால், கொருக்குப்பேட்டையில் பிறந்த உங்கள் நண்பனுக்கே அதுதான் வழி என்று தோன்றுகிறது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பத்து வயதுப் பெண் குழந்தை அப்பாவின் குடியைப் பற்றி லைவில் சொன்னால், மறுநாள் அவள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும், அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். 60,000 ரூபாய் ஒரு வருடத்தில் செலவாகிவிடும். அந்த வீடியோ போகாது.

நீங்கள் கையில் எடுத்திருக்கும் யோசனையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: காசு கேட்பவன் தன்னையே கேமரா முன்னால் வைக்கிறான். வாங்கப்போகிற பிள்ளை வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறது, நீங்கள் கண் விழித்திருக்கிறீர்கள்.

வெளிநாட்டு முயற்சிகளில் என்னை மிகவும் தொட்டது ஒன்று. கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் லோடிங்ரெடிரன் என்ற நகைச்சுவைக் குழு 2007ல் தொடங்கியது. 'டெசர்ட் பஸ்' என்று ஒரு வீடியோ கேம். டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரைக்கும் பாலைவனத்தில் பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பயணத்துக்கு நிஜமாகவே எட்டு மணி நேரம் ஆகும். பஸ் மணிக்கு 45 மைலைத் தாண்டாது. எதிரே வண்டி வராது, பயணி கிடையாது. ஆனால் பஸ் வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும், ஆகவே கையை எடுத்துவிட்டுப் போகவும் முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரு பாயின்ட். அப்புறம் திரும்பி வர வேண்டும். இதைவிட அலுப்பான ஆட்டம் உலகத்தில் இருக்க முடியாது. அதை ஆடித்தான் மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மையும் விளையாட்டுச் சாமானும் வாங்கித் தரும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு வருடா வருடம் பணம் திரட்டுகிறார்கள். நோயாளிக் குழந்தையின் படத்தைக் காட்டி அழ வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அவர்களுடைய கணக்கு முறையை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் மணி நேரம் ஆட 1 டாலர். அடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை 7 சதவீதம் கூடும். பணம் வரும் வரைக்கும் ஆட்டம் ஓடும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் நூறாவது மணி நேரத்தின் விலை மட்டும் 810 டாலரைத் தாண்டும். நீங்கள் முதல் மணி நேரத்தை 1,000 ரூபாய் என்று வையுங்கள். 24ஆவது மணி நேரம் 4,741 ரூபாய் ஆகும். மொத்தம் கூட்டினால் 58,177. உங்கள் வாடகைக்குக் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்! பார்க்கிறவருக்கும் "இந்த மணி நேரம் நான் வாங்கினது" என்று ஒரு உரிமை வரும். தெருவில் நாலு பேர் சேர்ந்தும் ஒரு மணி நேரத்தை வாங்கலாம்.

"பிச்சை" என்று வீட்டில் சொன்னதற்கு வருகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தண்டையார்பேட்டையில் ஒரு மைதானத்தில் சைக்கிள்காரர் ஒருவர் வந்து இறங்குவார். இறங்குவார் என்றால் ஊருக்குள்தான், சைக்கிளை விட்டு ஒரு வாரம் இறங்க மாட்டார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சுற்றிக்கொண்டே நடக்கும். சாயந்திரம் வேலை முடிந்து வரும் ஆட்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், யார் எவ்வளவு என்று மைக்கில் சொல்வார்கள். என் அப்பா இரண்டு ரூபாய் குத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா தர்மம் செய்த முகத்தோடு வரவில்லை. தானும் இரண்டு சுற்று ஓட்டியவர் மாதிரி வந்தார். கல்யாணத்தில் மொய் எழுதுவதும் இப்படித்தானே? மைக்கில் பெயர் படிக்கிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள், யாரும் அதைப் பிச்சை என்று சொல்வதில்லை. நேராகக் காசு கேட்டாலும் நல்லவர்கள் கொடுப்பார்கள். ஆனால் கொடுத்த மறுநிமிடம் போய்விடுவார்கள். லைவில் வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேசுவார்கள், ஏதோ ஒன்றில் சேர்ந்து இருந்தோம் என்று எழுந்து போவார்கள். வாடகை அடுத்த வருடமும் கட்ட வேண்டுமே தம்பி, அப்போது அவர்கள்தான் வேண்டும்.

கேரமை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி நம் ஊரில் எனக்கு வியப்பாக இருக்கிறது. இரண்டு முறை உலக சாம்பியன், 1996ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்களுக்குப் பக்கத்தில் செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வடசென்னையில் சந்துக்கு ஒரு கிளப்பும் லைட்டுக்குக் கீழே ஒரு போர்டும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போர்டுக்கு நேர் மேலே கேமராவைக் கட்டுங்கள். சிவப்பு விழுந்து, அதை நமதாக்கும் அடுத்த காய் (ஃபாலோ) தவறும்போது எழும் அந்த "அடச்சே" போதும், ஆட்கள் நிற்பார்கள்.

ஆனால் தூங்காமல் ஆறு பேரும் 24 மணி நேரம் ஆடுவது வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு இளைஞர் இதே மாதிரி நல்ல காரியத்துக்காக 24 மணி நேர லைவ் ஆடும்போது, 22 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம், இறந்துபோனார். தூக்கமின்மைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அவருக்கு இருந்தார்கள், அது போதும் எனக்கு. டெசர்ட் பஸ்காரர்களும் ஷிப்ட் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். 2010ல் தொடங்கிய கேம்ஸ் டன் குவிக் என்ற வீடியோ கேம் நிதி திரட்டலில் ஒரு வாரம் இரவும் பகலும் ஆட்டம் போகும், ஆனால் அவரவர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். விழித்திருக்க வேண்டியது போர்டு, நீங்கள் மாறி மாறித் தூங்குங்கள்.

சொன்னதைச் சொன்னபடி செய்யுங்கள். 2021 ஜூனில் நம் விஸ்வநாதன் ஆனந்த், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் அட்சய பாத்திரம் அமைப்புக்கு நிதி திரட்டப் பிரபலங்களோடு ஆன்லைனில் செஸ் ஆடினார். அதில் அவரை வென்ற ஒருவர், கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதாக மறுநாள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள், எதற்காக ஆடினார்கள் என்பது மறந்தே போனது. கரண்ட் போய் அரை மணி நேரம் ஆட்டம் நின்றால் நின்றது என்று சொல்லி, அரை மணி நேரம் கூடுதலாக ஆடுங்கள்.

பண விஷயம். உங்கள் யாருடைய ஜிபே நம்பரும் திரையில் வரக் கூடாது. எவ்வளவு நம்பிக்கையான நண்பனாக இருந்தாலும் சரி. டிரஸ்ட்டின் வங்கிக் கணக்குக்கான க்யூஆர் கோடு மட்டும் இருக்கட்டும். லைவ் பார்ப்பவர்கள் யூடியூப் வழியாகவே காசு அனுப்பும் சூப்பர் சாட் வேண்டாம், அதில் 30 சதவீதம் யூடியூபுக்குப் போய்விடும். டிரஸ்ட்டுக்கு நன்கொடை வரி விலக்குக்கான பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொடுப்பவருக்கு வரி விலக்கு கிடைக்கும், பழைய வரித் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த விலக்கும் இல்லை. துபாயில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்து, அவர் இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால் தன் சம்பாத்தியத்திலிருந்து தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி, அதற்கான மத்திய அரசின் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் வாங்கவே கூடாது. இதை லைவ் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. 12 மணி நேரத்தைத் தாண்டிய லைவை யூடியூப் சேமித்து வைக்காது, ஆகவே மூன்று துண்டாகப் போடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்தால் காப்புரிமைப் பிரச்சினையில் லைவே நின்றுபோகலாம். உங்கள் தெருவில் கானா பாடும் தம்பிகள் இல்லாமலா இருப்பார்கள்? அவர்களே சொந்தமாகக் கட்டிய பாட்டைப் பாடட்டும்.

அப்புறம் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு போடுங்கள். பெயர் போடச் சம்மதித்தவரின் பெயர், தொகை, மாதா மாதம் கட்டிய வாடகை ரசீது. அதைப் படம் எடுத்து அதே சேனலில் பன்னிரண்டு மாதமும் போடுங்கள். மையத்தைக் காட்ட வேண்டும் என்றால் காலியாக இருக்கும்போது காட்டுங்கள், கரும்பலகையும் பாயுமாக. பிள்ளைகள் கேரம் ஆட ஆசைப்பட்டால் சாயந்திரம் வந்து ஆடட்டும், கேமரா போர்டைத்தானே பார்க்கிறது, கைகள்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். விடிகாலை மூன்று மணிக்கு உங்களுக்குக் கண் சொக்கும், பார்க்கவும் ஆள் இருக்காது. காசிமேட்டில் மீன் வாங்க என் அண்ணி கிளம்பும் நேரம் அது, நானும் எழுந்திருப்பேன். மூன்றிலிருந்து நாலு வரைக்கும் உங்களுக்குப் பத்தாவது மணி நேரம். கணக்குப் போட்டேன், 1,838 ரூபாய் வருகிறது. அதை எனக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா