டீசல் பட்டறை கேள்வி-பதில்: ஸ்பேனரை எடுக்கும் முன்

கேள்வி: பத்தாவது தேறியிருக்கிறேன். டீசல் மெக்கானிக் ஆக ஆசை. மாமா நேராகப் பட்டறையில் சேரச் சொல்கிறார், அப்பா ஐ.டி.ஐ. படிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (ஆத்தூர் வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டும் தம்பி, ஆனால் முதலில் அப்பா பேச்சைக் கேளுங்கள். 'மெக்கானிக் டீசல்' ஓராண்டுப் படிப்புதான், அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணமும் கிடையாது. பட்டறையில் முதல் வருஷம் பாகங்களை டீசலில் கழுவுவதிலும் ஜாக்கி பிடிப்பதிலும் போய்விடும். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) எவ்வளவு தேய்ந்திருக்கிறது அளந்து சொல் என்று நிறுத்திச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமில்லை, வண்டியை வெளியே அனுப்பும் அவசரம் அவர்களுக்கு. படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் போகலாம், அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் எடுக்கிறார்கள். அப்புறம் நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையிலோ, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி பார்க்கிற இடத்திலோ இரண்டு வருஷம் நில்லுங்கள். ஓட்ட ஒரு இன்ஜின், கம்ப்ரஸருக்குத் தனியாகப் பெரிய இன்ஜின், கூடவே ஹைட்ராலிக் என்று எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது ரிக்கில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், 'மேட்டில் இழுக்கவில்லை' என்று வந்த லாரியில் எதையும் பார்க்காமல் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் மூடியை, இறக்கிவிட்டேன். இரண்டு நாள் வேலை, புது கேஸ்கட், எல்லாம் பூட்டி ஓட்டினால் அதே குறை. மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார், டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு முழம் உள்ளே தெரிகிற டியூபை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டீசலுக்குள் கடுகு கடுகாகக் குமிழ் ஓடியது. ஒரு செம்பு வாஷர் சரியாக உட்காராமல் வழியில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த கேஸ்கட்டுக்கு லாரிக்காரர் கொடுத்த காசு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும், அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று, கம்ப்ரஷன், சரியான நேரத்தில் டீசல், இந்த மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் படிப்பு. கழற்றிப் பூட்டுவது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் பொக்லைன் காலையில் நன்றாகத் தோண்டுகிறது, மதியம் சூடானால் சோர்ந்துவிடுகிறது. பம்ப் போய்விட்டது, மாற்றணும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? (தர்மபுரி வாசகர்)

பதில்: பம்பாகவும் இருக்கலாம் ஐயா, ஆனால் அளக்காமல் மாற்ற விடாதீர்கள். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த இடம் எதுவாக இருந்தாலும் அதன் வழியே உள்ளுக்குள்ளேயே கசியும். பூம், பக்கெட், ஸ்விங் எல்லாமே சோர்கிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் சீலையோ வால்வையோ பாருங்கள், பம்பின் மேல் பழி போட வேண்டாம். எல்லாமே சோர்ந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், கூலரில் அடைந்திருக்கும் புழுதி என்று வரிசையாகப் பாருங்கள், லோடு வரும்போது இன்ஜின் சுற்று விழுகிறதா என்பதையும் கவனியுங்கள், விழுந்தால் குறை ஹைட்ராலிக்கில் இல்லாமல் இன்ஜினிலேயே இருக்கலாம். அதற்கப்புறம் கேஜ் (பிரஷர் அளக்கும் மீட்டர்) மாட்டி, குளிரில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை பிரஷரை எடுத்து மெஷின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிரஷர் அளவு மீறினால் திறந்து விடும் ரிலீஃப் வால்வில் ஒரு தூசி சிக்கியிருந்தாலும் இதே போலத்தான் சோரும். கேஜ் இல்லாமல் பம்ப் மாற்றச் சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இப்போது எல்லாமே சென்சார், லேப்டாப். பழைய கைவேலைக்கு இனி மதிப்பு உண்டா? (ஓசூர் வாசகர்)

பதில்: உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு லாரி மெக்கானிக்குக் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாய்), புகையைச் சுத்தம் செய்யும் யூரியா, கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் எல்லாம் தெரிந்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் ஸ்கேனரில் 'ரெயில் பிரஷர் குறைவு' என்று வந்தவுடன் சென்சாரை மாற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ஸ்கேனரில் அதே பிழைக் குறியீடுதான் வரும். மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இனி ஓட்ட முடியாது.

கேள்வி: என் மகள் டீசல் மெக்கானிக் படிக்கிறேன் என்கிறாள். கனமான வேலையாயிற்றே? (மணப்பாறை வாசகி)

பதில்: சேர்த்துவிடுங்கள் அம்மா. ஆறு சிலிண்டர் இன்ஜினை எந்த ஆணும் கையால் தூக்குவதில்லை, செயின் பிளாக்தான் தூக்குகிறது. டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, அட்ஜஸ்ட் செய்ய மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று பார்க்க வேண்டும், அங்கே வேண்டியது நிதானமான கை. சேர்க்கும் முன் அந்த ஐ.டி.ஐ.க்கு நேரில் போய், ஓடுகிற நிலையில் எத்தனை இன்ஜின் இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் ஹோஸில் நூல் போலக் கசிவு. கையால் தடவிப் பார்த்தபோது விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. பயப்பட வேண்டுமா? (பல்லடம் வாசகர்)

பதில்: கண்டிப்பாக. இதைப் படிக்கும்போதும் மருத்துவமனைக்குப் போயிருக்காவிட்டால் உடனே கிளம்புங்கள். லாரி டயரில் இருப்பது ஏழெட்டு பார் காற்று, பொக்லைன் லைனில் 200 பாருக்கு மேல் போகும், ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். முதலில் வலியே இருக்காது, சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டி வரலாம். இனிமேல் கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள், பூமைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவரை ஆட்டிப் பிரஷரை விட்ட பிறகுதான் ஹோஸைத் தொட வேண்டும். மருத்துவரிடம் 'ஏதோ குத்திவிட்டது' என்று சொல்லாதீர்கள். 'ஹைட்ராலிக் ஆயில் அதிக அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள்.