உமிழ்நீர் சோதனை முன்னோரின் மொழியைச் சொல்லுமா?

கேள்வி: என் உமிழ்நீரை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினேன். ‘ஸ்டெப்பி புல்வெளி மூதாதையர் 12 சதவீதம், ஆண்வழி ஆர்1ஏ’ என்று அறிக்கை வந்தது. அப்படியானால் என் முன்னோர்கள் இந்தோ-ஐரோப்பிய மொழி (சமஸ்கிருதம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த குடும்பம்) பேசியவர்கள்தான், இன்றைய தாய்மொழி இடையில் வந்து ஒட்டிக்கொண்டது என்கிறார் சோதனைக்கு ஏற்பாடு செய்த முகவர். கூடுதல் கட்டணம் கட்டினால் ‘மூதாதை மொழிச் சான்றிதழ்’ வாங்கித் தருவாராம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அப்படி ஒரு சான்றிதழை எந்த ஆய்வகத்தாலும் நேர்மையாகத் தர முடியாது. மொழி ரத்தத்தில் ஓடுவதில்லை; காதில் விழுந்து நாவில் ஏறுகிறது. நீங்கள் உமிழ்ந்து கொடுத்த குப்பிக்குள் அது இல்லை.

முதலில் அந்த ஆர்1ஏ. அது ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோமின் ஒரு வகை. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி உங்களுக்கு 1,024 முன்னோர்கள். அவர்களில் ஒரே ஓர் ஆணிடமிருந்து வந்த அடையாளம்தான் ஆர்1ஏ. மற்ற 1,023 பேரைப் பற்றி அது வாய் திறக்காது. கருங்கடலுக்கு வடக்கே உள்ள ஸ்டெப்பி புல்வெளி மக்களின் வழிவந்தவர்கள் தெற்காசியாவுக்கு வந்து ஏறத்தாழ 3,500 முதல் 4,000 ஆண்டுகள் ஆகின்றன. நூறு தலைமுறைக்கும் மேல். ஒரு குடும்பம் மொழி மாற மூன்று தலைமுறை போதும். பாட்டி பேசுவார், அம்மாவுக்குப் புரியும், பேத்திக்குத் தெரியாது. நூறு தலைமுறைக்குள் அது எத்தனை முறை நடந்தது என்று எந்தக் குரோமோசோமிலும் எழுதி வைக்கப்படவில்லை.

அடுத்தது 12 சதவீதம். நிறுவனம் தன்னிடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு உங்கள் மரபணுவைப் பொருத்திப் பார்த்து, எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுகிறது. அந்த மாதிரித் தொகுப்பை அடுத்த ஆண்டு மாற்றினால் உங்கள் எண்ணும் மாறும். நீங்கள் அதே ஆள்தான். பிழை வரம்பு போடாத சதவீதத்தை எந்த மாணவர் கொண்டுவந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் வண்ண வட்டப் படத்தோடு அச்சிட்டு விற்றால் கேட்பார் இல்லை. இதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் ஏன் இன்னும் கைகட்டி நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மொழிகள் பரவியதைப் பற்றி மரபியலுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லவில்லை. தனி மனிதரைப் பற்றிச் சொல்லாது. பெருங்கூட்டங்களைப் பற்றி நிறையச் சொல்லும். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யம்னயா மேய்ப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் புதைக்கப்பட்ட பிற்காலத்து எலும்புகளில், ஏறக்குறைய முக்கால் பங்கு மரபு இந்த மேய்ப்பர்களோடு ஒத்துப்போவதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. சக்கரம், அச்சு போன்றவற்றுக்கான சொற்கள் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒரே வேரிலிருந்து வருவதை வைத்து, மொழியியலாளர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மொழிகளின் பிறப்பிடமாக அந்தப் புல்வெளியைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். எலும்பு மொழியின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பெருங்கூட்டம் அந்த வழியாக நடந்தது என்பதை மட்டும் சொன்னது. மொழியியலும் தொல்லியலும் ஏற்கெனவே போட்டு வைத்த பாதையில் அது பொருந்தியது.

பொருந்தாத இடமும் உண்டு. அதை உங்கள் முகவர் சொல்ல மாட்டார் என்பதால் நான் விரிவாகவே சொல்கிறேன். பசிபிக்கில் வனுவாட்டு என்றொரு தீவு நாடு. அங்கே எஃபாதே தீவில் தெயோமா என்ற இடத்தில் சுமார் 3,000 ஆண்டுப் பழமையான இடுகாட்டைத் தோண்டினார்கள். பல எலும்புக்கூடுகளுக்குத் தலை இல்லை. புதைத்த பிறகு எடுத்திருக்கிறார்கள். கிடைத்த சில மண்டையோடுகளில், காதின் உட்புறத்தைச் சுற்றியுள்ள கல் போன்ற எலும்பைத் துளையிட்டு டி.என்.ஏ. எடுத்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. அந்த முதல் குடியேறிகள் கிழக்காசிய வழி வந்தவர்கள்; நியூ கினியைச் சேர்ந்த பப்புவா மரபு அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இன்று அதே தீவுகளில் வாழ்பவர்களின் மரபோ பெரும்பாலும் பப்புவா மரபு. இடைப்பட்ட காலத்து எலும்புகளை 2018-இல் ஆராய்ந்தபோது, சில நூறு ஆண்டுகளிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது தெரிந்தது.

இப்போது மொழிக்கு வாருங்கள். வனுவாட்டுவில் வழிவழியாகப் பேசப்படும் மொழிகள் நூற்றுக்கும் மேல். அவை அனைத்தும் முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தை, அதாவது மலாய், ஹவாய் மொழிகளும் சேர்ந்த குடும்பத்தை, சேர்ந்தவை. உடல் மாறியது, மொழி நின்றது. பின்னால் வந்தவர்கள் மொத்தமாக வந்து விரட்டவில்லை. சிறுகச் சிறுக வந்து, மணம் செய்து, அங்கிருந்த மொழியையே பேசியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அந்தத் தீவுக்காரர் ஒருவருடைய உமிழ்நீரை உங்கள் முகவரிடம் கொடுத்தால், ‘முன்னோர் பப்புவா மொழி பேசினர்’ என்று முத்திரை குத்தித் தந்திருப்பார். மூவாயிரம் ஆண்டுகளாக அங்கே நிற்கும் மொழியை ஒரு தாளால் வந்தேறி ஆக்கியிருப்பார்.

இது எங்கோ கடல் நடுவில் நடந்த விந்தை என்று நினைக்க வேண்டாம். பலூசிஸ்தானில் திராவிட மொழியான பிராகுயி பேசுபவர்களின் மரபணு, பக்கத்தில் ஈரானிய மொழி பேசும் பலூச் மக்களுடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மக்கள் குழுக்களில் மொழியும் மரபணுவும் ஒத்துப்போகவில்லை.

ஊடகங்களும் இதில் கெடுதல் செய்கின்றன. 2019-இல் ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நகரமான ராக்கிகடி பற்றிய ஆய்வு வந்தது நினைவிருக்கும். 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் டி.என்.ஏ. கிடைத்தது. அவரிடம் புல்வெளி மரபு இல்லை. அவர் என்ன மொழி பேசினார் என்பதை அந்த எலும்பு சொல்லவில்லை. சிந்துவெளி எழுத்தும் இன்னும் படிக்கப்படவில்லை. ஆனாலும் அந்த ஒரே பெண்ணை வைத்து, ஆரியர் வெளியிலிருந்து வந்தார்கள் என்றும் வரவில்லை என்றும் எதிரெதிரான இரண்டு தலைப்புகள் வந்தன. ‘சான்றிதழ்’ விற்பவர்கள் அந்தத் தலைப்புகளைத்தான் வெட்டி ஒட்டிக் காட்டுகிறார்கள்.

நீங்கள் அதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. 2023-இல் அமெரிக்காவின் பெரிய சோதனை நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025-இல் அதே நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது. அதில் உங்கள் உடன்பிறந்தாரின் விவரமும் பாதி இருக்கிறது. முகவர் வழியாக அனுப்பியிருப்பதால், கணக்கு யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். முகவருடையதாக இருந்தால் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் ‘ஆய்வுக்குப் பகிரலாம்’, ‘மாதிரியைச் சேமித்து வைக்கலாம்’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருக்கக்கூடும். வேண்டாமென்றால் இரண்டையும் நீக்க வேண்டும். மூலத் தரவுக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, குப்பியை அழித்துவிட்டதாக எழுத்தில் பதில் கேளுங்கள்.